பூசணத்துக்கு ஆசிட் வேண்டாம்!

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய ஈர நாட்களில், குளியலறைச் சுவரோர சிலிக்கோன் பூச்சில் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் அழுக்கன்று, பூசணம். சோப்புப் படலமே அதற்கு உணவு.

உடனே சிலர் பிளீச்சிங் பவுடரைத் தூவி, ஆசிட்டையும் ஊற்றுகிறார்கள். மாணவர்களே, தடுத்து நிறுத்துங்கள்! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வெளிப்படும். 1915-ல் ஈப்ரஸ் போர்முனையில் வீரர்களைக் கொன்ற அதே வாயு. மூடிய சிற்றறையில் இது விளையாட்டா?

உள்ளே ஊறிய கறையானால் பூச்சை வெட்டியெடுத்து, உலர்த்திப் புதிதாகப் பூசவேண்டியதுதான். மற்றபடி, குளித்ததும் ஓரத்தைத் துடைத்துச் சன்னலைத் திறந்து வையுங்கள். ஈரமின்றிப் பூசணம் வளராது. அடைமழையில் வெளிக்காற்றே ஈரமாயிருக்கும். அன்று சன்னலால் பயனில்லை, துணிதான் கதி.