நூற்றைந்தும் ஆயிரத்தைந்தும்

“இவனுக்குக் கணக்கு வராது!” பள்ளியில் ஆசிரியர் சொல்லும் இச்சொல்லை வீட்டில் தந்தையும் வழிமொழிகின்றார், பத்து அகவைகூட நிரம்பாத பிள்ளை அதனை நம்பிவிடுகின்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பிரம்படியை விலக்கிற்று. பிரம்பினும் ஆழத் தைக்கும் இச்சொல்லை எச்சட்டம் விலக்கும்?

கணக்கில் பின்தங்கும் பிள்ளைக்குத் துணைசெய்ய விழைவோர் முதற்கண் அதன் பிழையைப் படித்தல் வேண்டும். ‘நூற்றைந்து’ என்று எழுதச் சொன்னால் 1005 என்றெழுதும் பிள்ளைகள் பலர். ஆசிரியர் சிவப்பு மையால் தவறெனக் குறியிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றார். பிள்ளையோ எண்ணாமல் எழுதவில்லை. நூறு என்றதும் 100, ஐந்து என்றதும் 5 எனக் காதில் விழுந்தவாறே அடுக்கிற்று. பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூற்றுக்கும் தனிக்குறிகள் இருந்தமையால் நூற்றைந்து ௱௫ என்றே எழுதப்பெற்றது. அம்முறைக்குப் பிள்ளையின் எண்ணம் பொருந்தும். இன்றைய முறைக்குப் பொருந்தாது. இன்று நூற்றின் குறி மறைந்து, இடமே அதன் பணியைச் செய்கின்றது. நடுவிலுள்ள சுழி ‘இங்குப் பத்துகள் இல்லை’ என்று சொல்கின்றது. இவ்வொன்றை விளக்காமல் நூறு முறை எழுதிவரப் பணித்தலால் என்ன பயன்?

விளக்குதற்குப் பெருஞ்செலவும் வேண்டா. ஈர்க்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெருங்கட்டாக்கிப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கலாம். பெருங்கட்டு ஒன்று, சிறுகட்டு இல்லை, உதிரி ஐந்து. மூன்று கட்டங்கள் வரைந்து எண்ணிக்கையை எழுதச் சொன்னால் 105 தானே வரும். கழித்தலில் ‘கடன் வாங்குதல்’ என்பதும் ஒரு கட்டை அவிழ்த்தலே என்பது பின்னர் விளங்கும்.

கீழ்வாயெண்ணிலும் இதே நிலைதான். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி 2/5 என்பார் உளர். “அரையோடு இன்னும் சிறிது சேர்த்தால் அரையினும் குறையுமா?” என்று வினவினால் போதும், பிள்ளையே தன் விடையை ஐயுறும். காலில் அரை அரைக்கால், அஃதாவது 1/8. பெயரே பெருக்கலைக் கற்பிக்கின்றது. இன்றைய பிள்ளைக்கோ அரைக்கால் என்றால் காற்சட்டைதான் நினைவுக்கு வருகின்றது! கடைத்தெருவில் காலும் அரையும் அறிந்த பிள்ளையை ஆங்கில வழி வகுப்பில் அமர்த்தி அயற்பெயர்களை நெட்டுருச் செய்விக்கும்போது, கணக்கின் சுமையோடு மொழியின் சுமையும் ஏறுகின்றது. எதில் தடுமாறுகின்றது என்பது ஆசிரியருக்கே தெரியாமற் போகின்றது.

இயல்பிலேயே எண்ணுணர்வு குன்றிய பிள்ளைகளும் சிலர் உளர். அவர்க்கு வல்லுநர் துணை வேண்டும்.

தமிழ்நாட்டரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலையறிந்து பிரித்துக் கற்பிக்க முனைந்தது. நன்முயற்சியே. ஆயின் எட்டாம் வகுப்பில் இருந்துகொண்டு இடமதிப்பு விளங்காமல் விழிப்பவன் என் செய்வான்? அவனுக்கும் ஈர்க்குக் கட்டைக் கொடுக்க ஆசிரியர் நாணுதல் வேண்டா. பிறர் நகையாவண்ணம், வகுப்பு முடிந்தபின் தனியே அமர்த்திக் கொடுத்தல் வேண்டும்.