எந்த வெள்ளிக்கிழமை?

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, மருந்தகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பாட்டிக்கு 'நெக்ஸ்ட் ஃபிரைடே' கண் பரிசோதனை என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமையே அப்பா விடுப்பு எடுத்துப் பாட்டியை அழைத்துச் சென்றார். "அடுத்த வாரம்தான் வர வேண்டும்" என்று தாதி கூறிவிட்டார். அப்பா மீண்டும் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று.

இதில் தவறு யாருடையது? ஆங்கிலம் பேசுவோரில் சிலர், இனி வரும் முதல் வெள்ளியையே 'நெக்ஸ்ட் ஃபிரைடே' என்பர். வேறு சிலரோ அதை 'திஸ் ஃபிரைடே' என்பர். அவர்களுக்கு 'நெக்ஸ்ட் ஃபிரைடே' என்பது அடுத்த வாரத்து வெள்ளி. பிரிட்டனில் அதனை 'ஃபிரைடே வீக்' என்றும் சொல்வதுண்டு. அறியாதவர்களுக்கு அதுவும் புதிர்தான்.

ஐயம் இருந்தால் கேட்டுத் தெளியலாமே என்று சிலர் கூறலாம். ஆனால், இங்கே ஐயமே எழுவதில்லை. தாம் புரிந்துகொண்டதே சரி என்று இருவரும் நம்புகின்றனர். ஐயம் இல்லாதவர் எப்படிக் கேட்பார்? ஆகவே, சொல்பவரே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழில் 'அடுத்த வெள்ளி' என்றாலும் இதே குழப்பம் வரலாம். பாட்டியோ, 'வருகிற வெள்ளி', 'அதற்கு அடுத்த வெள்ளி' என்று பிரித்தே சொல்வார்.

எந்த மொழியில் பேசினாலும், கிழமையோடு தேதியையும் சேர்த்துச் சொல்வதே சிறந்தது என்பது என் கருத்து. "14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை" என்று சொல்ல ஒரு நொடி போதும். அதைச் சொல்லாததால் அப்பாவுக்கு ஒரு நாள் வீணாயிற்று.