முரளியைக் காட்டி வாயடைக்காதீர்கள்

மலையக இளைஞர்களுக்கு விளையாட்டில் வாய்ப்பில்லை என்று கொழும்பில் எங்கே பேச்செடுத்தாலும், அதை முடித்துவைக்க ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். "திறமை இருந்தால் முத்தையா முரளிதரனைப் போல வரட்டுமே, யார் தடுத்தார்கள்?" பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் கேட்டுச் சலித்த இந்தக் கேள்விக்கு இன்று பதில் எழுதிவிடுகிறேன்.

முரளி அணி மாறிய கதையையே எடுத்துக்கொள்வோம். 2008இல் ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை அணி அவரை 6 இலட்சம் டொலருக்கு வாங்கியது. 2010 ஜூலையில் காலி மைதானத்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அதற்குப் பிறகும், 2011 ஜனவரியில், 38 வயதுக்காரரான அவருக்குக் கொச்சி அணி 11 இலட்சம் டொலர் கொடுத்தது. அவ்வணி அதே ஆண்டில் நீக்கப்பட, 2012இல் பெங்களூரு அணி 2,20,000 டொலருக்கு எடுத்தது. விலை ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. ஆயினும் 42 வயது வரை ஆட இடம் இருந்தது.

சைக்கிள் பந்தய உலகிலும் இதே கதைதான். இறுதி நூறு மீற்றர்களில் பாய்ந்து வெல்லும் மார்க் கவெண்டிஷை 2020 முடிவில் ஏறக்குறைய எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். பழைய பெல்ஜிய அணி மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2021 டூர் டி பிரான்ஸில் நான்கு கட்டங்களை வென்று, எடி மெர்க்ஸின் 34 வெற்றிகளைச் சமன் செய்தார். அடுத்த ஆண்டு அதே அணி அப்பந்தயத்துக்கு அவரைத் தெரிவு செய்யவில்லை. வேறு அணிக்குச் சென்றார். 2024 ஜூலை 3ஆம் திகதி, 39 வயதில், 35ஆவது வெற்றியைப் பெற்றார்.

இவ்விருவரையும் காப்பாற்றியது திறமை மட்டுமன்று. ஒரு கதவு மூடப்பட்டால் தட்டுவதற்கு இன்னொரு கதவு இருந்தது. முரளிக்கு முதற்கதவைத் திறந்தது கண்டியில் தந்தையார் நடத்திய பிஸ்கட் தொழிலும், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானமும். அவருடைய பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பின்னர் மகள்மாருடன் திருச்சிக்கே திரும்பிவிட்டார். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் பிள்ளைதான் உலகச் சாதனையாளரானார். லயத்திலிருந்து நேரே வரவில்லை.

மலையகத்தார் அணி மாற்றம் அறியாதவர்கள் அல்லர். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கினார்கள். ஒருவரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

இன்றைய நிலை என்ன? டிக்கோயா தரவளையிலும் நானுஓயா ரதெல்லவிலும் அழகான மைதானங்கள் உண்டு. தோட்டத்துரைமார் தமக்கென அமைத்துக்கொண்டவை. லயத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது தேயிலை மலைகளுக்கு இடையே எஞ்சிய ஒரு துண்டு நிலம். அதில் பந்தை ஓங்கி அடித்தால் பள்ளத்தாக்கில் இறங்கித் தேட வேண்டும். தாயின் நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாயாயிற்று. குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அரைப் பேர்தான். ஒரு நல்ல மட்டைக்குப் பல நாட் கூலி வேண்டும். பாடசாலை அணியோடு ஆட்டம் முடிகிறது. அடுத்து முப்படைகளின் அணி. அதுவும் இல்லையேல் கொழும்பில் ஒரு கடை. கவெண்டிஷ் 39 வயதில் சாதிக்கிறார். ஹட்டன் பையன் 19 வயதில் ஓய்வு பெற்றுவிடுகிறான்!

நான் சலுகை கேட்கவில்லை. 1992 முதல் அரச காணிகளைக் கம்பனிகள் நிர்வகித்து வருகின்றன. ஒவ்வொரு தோட்டமும் சமதரையான ஒரு மைதானத்தை விடுவிக்கட்டும். மாவட்டக் கழகங்கள் ஆட்டக்காரருக்கு வேலையும் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். மலையகக் கொழுந்துக்குக் கொழும்பில் 1883 முதல் ஏலம் நடக்கிறது. கொழுந்தைத் தேடி வந்து விலை பேசுகிறவர்கள், பறித்தவளின் பிள்ளையை ஒருமுறையாவது மைதானத்தில் பார்க்கட்டும். அதன் பிறகு கேளுங்கள், இன்னொரு முரளி ஏன் வரவில்லை என்று.