தயவும் நியாயமும்

முதலாளி கொடுக்கிறவர், தொழிலாளி வாங்குகிறவன் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப் போயிருக்கிறது. கொடுப்பது தயவாக இருக்கும் வரையில், நிறுத்துவதும் கொடுத்தவர் இஷ்டந்தானே? ஆமதாபாத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

1917-ஆம் வருஷம் அந்நகரில் பிளேக் நோய் பரவிற்று. தொழிலாளர் ஊரைவிட்டு ஓடிவிடாமலிருக்க மில் முதலாளிகள் தாராளமாகப் போனஸ் கொடுத்தார்கள். நோய் தணிந்தது, போனஸும் நின்றது. யுத்த காலத்து விலைவாசி மட்டும் தணியவில்லை. நெசவாளர் நூற்றுக்கு 50 உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20-க்கு மேல் இசையவில்லை. முதலாளிகளின் தலைவர் அம்பாலால் ஸாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சகோதரி அனசூயா பென்! காந்திஜி கணக்குகளை ஆராய்ந்து 35 என்றார். 1918 மார்ச்சில் அவர் மூன்று நாள் உபவாசம் இருந்த பின், விவகாரம் மத்தியஸ்தத்துக்கு விடப்பட்டது. மத்தியஸ்தர் ஆனந்தசங்கர் துருவாவின் தீர்ப்பும் 35 தான்.

அந்த உபவாசம் முதலாளிகளை நிர்ப்பந்தித்தது என்று காந்திஜியே பின்னர் குறை கண்டார். மத்தியஸ்தத்திலோ குறையில்லை. கூலி என்பது ஒருவர் இஷ்டமன்று; இரு தரப்பாரும் சமமாக உட்கார்ந்து தீர்க்க வேண்டிய கணக்கு.

இது மில்லுக்கு மட்டுமா? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு நாம்தாம் முதலாளிகள். தீபாவளிக்குப் புடவை கொடுத்தது நமக்கு நினைவிருக்கிறது. காய்ச்சலால் அவள் வராத இரண்டு நாளுக்குச் சம்பளம் பிடித்தது மறந்துவிடுகிறது. புடவை தயவு, இருக்கட்டும். அந்த இரண்டு நாட் சம்பளம் நியாயம். அதை முதலில் கொடுப்போம்.