கூட்டு வீட்டுக் கடன்: தவணை கட்டுபவருக்கே வீடு சொந்தமாகிவிடுமா?

புதுடெல்லி: கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் வீட்டுக் கடனைச் சேர்ந்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. இரண்டு சம்பளங்களைக் காட்டினால் வங்கி கூடுதல் தொகை தருகிறது. பழைய வருமான வரி முறையில் இருக்கும் இணை உரிமையாளர்கள், குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு பெறலாம். இந்தக் கணக்கையெல்லாம் கவனமாகப் போடும் தம்பதியர், வீட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும் பத்திரத்தில் எழுதாமல் விட்டுவிடுகின்றனர். பிரிவோ மரணமோ நேரும்போதுதான் அந்தக் குறை தெரியவருகிறது.

ஒரே வீட்டுக்கு இரண்டு ஆவணங்கள் இருப்பதே சிக்கலின் வேர். யார் கடனாளி என்பதை வங்கியின் கடன் ஒப்பந்தம் சொல்கிறது. யார் உரிமையாளர் என்பதைப் பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் சொல்கிறது. இணைக் கடனாளராகக் கையெழுத்திட்டதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பத்திரத்தில் பெயர் இல்லாத மனைவி, பல ஆண்டுகள் தவணை கட்டியிருந்தாலும், வீட்டில் பங்கு கேட்டு வழக்காட வேண்டியவராகவே இருக்கிறார். ஆனால், வங்கிக்கு அவர் முழுக் கடனாளி.

கடன் பொறுப்பு பாதியாகப் பிரிவதில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கூட்டாகக் கடன் வாங்கியவர்களில் எவரிடமும் முழுத் தொகையையும் வங்கி கேட்கலாம். தம்பதியர் பிரிந்து வாழ்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஒருவர் தவணையை நிறுத்தினால் இருவரின் சிபில் மதிப்பெண்ணும் சரியும். நிலுவை நீடித்து, சர்ஃபாசி சட்டத்தின்கீழ் 60 நாள் நோட்டீஸ் வந்தால் முழு வீடும் ஏலத்துக்கு உள்ளாகும்.

உரிமைக்கான கணக்கு வேறு. மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் போட்ட விகிதத்தில் பங்கு என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு. சான்று இல்லையெனில் சமபங்கு என்றே கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மனைவி நகைகளை விற்று 20 லட்சம் தருகிறார்; 60 லட்சம் கடனுக்கான தவணை கணவரின் கணக்கிலிருந்து செல்கிறது; மளிகையும் பள்ளிக் கட்டணமும் மனைவியின் சம்பளத்தில் நடக்கின்றன. தவணைக்கு மாதந்தோறும் வங்கிப் பதிவு உண்டு. ரொக்கமாகக் கைமாறிய நகைப் பணத்துக்குத் துண்டுச் சீட்டுகூட இருக்காது. மளிகைச் செலவை எந்தப் பத்திரமும் கணக்கில் எடுப்பதில்லை.

தவணை கட்டியவர் பக்கமே சட்டம் சாயும் என்பதும் இல்லை. தம்பதியர் இருவர் பெயரிலும் உள்ள வீட்டுக்கு, தவணையைத் தான் மட்டுமே கட்டியதாகக் கூறிக் கணவர் தனியுரிமை கோர முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்குப் பினாமி தடைச் சட்டமே குறுக்கே நின்றது.

மரணம் நேர்ந்தால் கணக்கு மேலும் மாறும். வங்கிக் கணக்கைப் போல, உயிருடன் இருப்பவருக்கே எல்லாம் என்ற ஏற்பாடு வீட்டுப் பத்திரத்தில் தானாக வருவதில்லை. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் பங்கில் மனைவி, பிள்ளைகளுடன் அவருடைய தாய்க்கும் சம உரிமை உண்டு. கடனோ மனைவியின் தலையில் முழுமையாக நிற்கும். ஒருவர் மட்டும் ஆயுள் காப்பீடு எடுப்பது, கடனை இருவர் சுமக்கும் வீட்டில் அரைப் பாதுகாப்புதான்.

ஆகவே, பங்கு விகிதத்தைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதுவதும், முன்பணத்தை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்துவதும், இருவரும் உயில் எழுதுவதும் வாங்கும்போதே முடிக்கக்கூடிய வேலைகள்.

பிரியும்போது ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் தேவை. வீடு அடமானத்தில் இருப்பதால் வங்கியின் ஒப்புதலையும் முன்னதாகப் பெற வேண்டும். மீதமிருப்பவரின் வருமானம் போதாது என்று கருதினால், விலகுபவரின் பெயரைக் கடனிலிருந்து நீக்க வங்கி மறுக்கலாம். அதைப் பாராமல் விடுதலைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவருக்கு வீட்டில் பங்கு போய்விடும். கடனில் பெயர் அப்படியே இருக்கும்.