பைக் டயர் மாத்துறதும் ஒரு மருத்துவ விஷயம்தான்

ஹெல்மெட் பற்றி எழுதினா "டாக்டர் ஆரம்பிச்சுட்டார்"னு கடந்து போயிடுவீங்க. அதனால இன்னிக்கு டயர். பழைய டயரைக் கழற்றிட்டுப் புதுசு போடும்போது நாம எடுக்கிற முடிவுகள் பற்றி. கொஞ்சம் நீளமான த்ரெட். பைக், ஸ்கூட்டர் வச்சிருக்கிறவங்க பொறுமையா படிங்க.

எலும்பு முறிவு பார்க்கிற மருத்துவர்களுக்கு வருஷத்துல ஒரு நாள் நல்லா தெரியும். கோடை முடிஞ்சு விழுற முதல் மழை. மாசக்கணக்கா ரோட்டுல படிஞ்ச ஆயிலும் தூசியும் தண்ணியோட சேர்ந்து வழவழன்னு ஆகிடும். அன்னிக்குச் சாயங்காலம் வர்றவங்ககிட்ட எப்படி விழுந்தீங்கன்னு கேட்டா, முக்கால்வாசிப் பேர் சொல்றது ஒண்ணுதான்: "பிரேக் புடிச்சேன் சார், வண்டி அப்படியே இழுத்துட்டுப் போயிருச்சு." லாரி மோதல, நாய் குறுக்க வரல. பிடிமானம் போச்சு, அவ்வளவுதான்.

அப்படி விழும்போது வண்டி காலுக்கு மேலயே படுக்கும். முழங்காலுக்குக் கீழ இருக்கிற பெரிய எலும்பு டிபியா. இப்பவே முன்பக்கம் தடவிப் பாருங்க. தோலுக்கு அடியில உடனே எலும்பு தட்டுப்படும், நடுவுல சதை கிடையாது. அதனால அது உடைஞ்சா தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வர வாய்ப்பு அதிகம். ரோட்டு மண்ணு உள்ள போகும், கிருமித்தொற்று வரும். ரத்த ஓட்டமும் குறைவான எலும்பு, கூடுறதுக்கு நாலஞ்சு மாசம் ஆகலாம். ஆபரேஷன் செலவைக் காப்பீடு பார்த்துக்கும்னே வச்சுக்குவோம். டெலிவரி வேலை செய்யற ஒரு தம்பிக்கு அந்த அஞ்சு மாசச் சம்பளத்தை யார் தருவா?

2022-ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்துல போனவங்க. இது ஒன்றிய அரசோட கணக்கு. எல்லாத்துக்கும் டயர்தான் காரணம்னு சொல்ல வரல. வேகம், குடி, ரோடு, எதிர்ல வர்றவன், நிறைய இருக்கு. ஆனா இதுல எதிர்ல வர்றவனை நீங்க மாத்த முடியாது. டயரை மாத்தலாம். சாதாரண கம்யூட்டர் பைக்குக்கு ரெண்டாயிரம் ரூபா பக்கம் வரும்.

"என் வண்டியில ஏபிஎஸ் இருக்கு டாக்டர்"னு சிலர் சொல்வாங்க. நல்லது. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது 2019-லயே கட்டாயமாயிடுச்சு. ஆனா ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கும், அவ்வளவுதான். ரோட்டைப் பிடிக்கிறது டயர். ஒவ்வொரு சக்கரமும் ரோட்டைத் தொடுற இடம் உங்க உள்ளங்கை அளவுகூட இருக்காது.

எப்ப மாத்தணும்? டயர் பள்ளத்துக்குள்ள குட்டி குட்டி மேடு இருக்கும். பக்கச்சுவர்ல டி.டபிள்யூ.ஐ. அல்லது ஒரு முக்கோணக் குறி, அதுக்கு நேரா பாருங்க. தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டாச்சுன்னா டயர் முடிஞ்சது. சட்டப்படி இருசக்கர வாகனத்துக்குக் குறைந்தது 0.8 மி.மீ. பள்ளம் இருக்கணும். என்னைக் கேட்டா மழைக்காலத்துக்கு முன்னாடி அந்த அளவுக்குக் கிட்டப் போகவே விடாதீங்க. பள்ளம் இருக்கிறதே தண்ணியை வெளியே தள்ளத்தான். மொட்டை டயர்ல சூடான கத்தியை வச்சுப் புதுசா பள்ளம் வெட்டித் தர்ற ஆளுங்க இன்னமும் இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். பள்ளம் ஆழமாகும், அடியில இருக்கிற ரப்பர் மெலிஞ்சிடும்.

ஆனா பட்டன் தேயறதை மட்டும் பார்க்கிறதுதான் நம்ம ஊர்ல பெரிய பிரச்சனை. பின் டயர்தான் சீக்கிரம் தேயும், அதனால அதை மட்டும் மாத்துவோம். முன் டயர் பார்க்க நல்லாத்தான் இருக்கும். அப்படியே ஏழெட்டு வருஷம் ஓடும். ரப்பருக்கும் வயசு இருக்குங்க. வெயில்ல காய்ஞ்சு இறுகிப்போகும், பக்கச்சுவர்ல மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். இறுகின ரப்பர் ஈரத்துல பிடிக்காது. பின் சக்கரம் வழுக்கினா பழகின கை சில சமயம் சமாளிச்சிடும். முன் சக்கரம் வழுக்கினா நினைக்கிறதுக்குள்ள தரையில இருப்பீங்க. பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னாடிதான் சாயுது. "பின்னாடி மட்டும் மாத்துங்க, முன்னாடி கிடக்கட்டும்"னு கடையில சொல்றதுக்கு முன்னாடி இதை ஒரு நிமிஷம் யோசிங்க.

வயசை எப்படிப் பார்க்கிறது? பக்கச்சுவர்ல ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319-னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். மாத்திரை அட்டையில தேதி பார்த்து வாங்குறவங்க டயர்ல பார்க்கிறதே இல்ல. புதுசு வாங்கும்போது ஆறு மாசத்துக்குள்ள வந்த சரக்கா கேளுங்க. ரெண்டு வருஷம் கடை வாசல் வெயில்ல தொங்கினதை "புதுசுதான் அண்ணே"னு நீட்டினா வாங்காதீங்க. வண்டியில இருக்கிற டயர் அஞ்சு வருஷம் தாண்டிடுச்சுன்னா, பள்ளம் இருந்தாலும் வருஷா வருஷம் காட்டிப் பாருங்க.

அடுத்தது சைஸ். இங்கதான் தம்பிங்ககிட்ட எனக்குச் சண்டை. 100/90-17-னா அகலம் 100 மி.மீ., உயரம் அதுல 90 சதவீதம், ரிம் 17 இன்ச். இந்த அளவு வர்ற வண்டியில "பார்க்க மாஸா இருக்கும்"னு 130 போட்டுக்கிட்டு வர்றாங்க. ரிம் அதே ஒல்லி ரிம்தான். அகலமான டயர் அதுக்குள்ள நெரிஞ்சு உட்காரும், வளைவு மாறிடும். திருப்பத்துல வண்டி சாயுற விதமே வேற ஆகிடும், செயின்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ உரசும், மைலேஜும் போகும். அகலம் கூடினா பிடிமானமும் கூடும்னு நம்பிச் செலவு பண்றீங்க. அந்த ரிம்முல அது நடக்காது. கம்பெனி சொன்ன சைஸே போதும். சைஸுக்குப் பக்கத்துல 55P மாதிரி ஒண்ணு இருக்கும். 55-னா அந்த டயர் 218 கிலோ வரை தாங்கும், P-ன்னா மணிக்கு 150 கி.மீ. வரை. பழைய டயர்ல இருக்கிறதைவிடக் குறைவா வாங்கக் கூடாது. புருஷன், பொண்டாட்டி, நடுவுல ரெண்டு பசங்க, டேங்க் மேல அரிசி மூட்டைன்னு போறவங்களுக்கு இது சாதாரண எழுத்து இல்ல.

பிராண்ட் எதுன்னு கேட்பீங்க. சென்னை எம்ஆர்எஃப்போ மதுரை டிவிஎஸ் யூரோகிரிப்போ, சியட்டோ மிஷெலினோ, பெரிய வித்தியாசம் பார்க்க மாட்டேன். "எத்தனை கிலோமீட்டர் ஓடும்"னு மட்டும் கேட்டு வாங்காதீங்க. ரொம்ப நாள் உழைக்கிற ரப்பர் பொதுவா கெட்டியா இருக்கும். ஈரத்துல நல்லா பிடிக்கிறது சீக்கிரம் தேயும். எனக்குச் சீக்கிரம் தேயறது ஓகே.

மாட்டும்போது பக்கத்துல நில்லுங்க. டீ குடிக்கப் போயிடாதீங்க. அம்புக்குறி சக்கரம் சுத்துற திசையில இருக்கணும். ஸ்போக் வீல்னா பழைய ட்யூபையே திணிக்க விடாதீங்க, புது டயருக்குப் புது ட்யூப். காத்து அடிச்ச பிறகு ரிம் ஓரமா டயர்ல ஒரு மெல்லிய கோடு தெரியும். அது சுத்தி வர ஒரே இடைவெளியில இருந்தாதான் டயர் சரியா உட்கார்ந்திருக்கு. பின் சக்கரத்துல செயின் அட்ஜஸ்டர் குறி ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இருக்கான்னு பாருங்க. டிரம் பிரேக் தட்டை வண்டியோட பிடிச்சு நிறுத்துற ஒரு கம்பி இருக்கும், அதோட நட்டை முடுக்காம விட்டுட்டா பிரேக் பிடிக்கும்போது தட்டும் சேர்ந்து சுத்தி சக்கரம் பூட்டிக்கும். "அண்ணே, அந்த நட்டு முடுக்கியாச்சா"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. கோவிச்சுக்கிட்டா பரவாயில்ல.

டிஸ்க் பிரேக் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி நின்ன இடத்துலயே லீவரை நாலஞ்சு தடவை அழுத்திப் பாருங்க. பேட் பின்னாடி தள்ளியிருந்தா முதல் அழுத்தத்துல பிரேக் பிடிக்காது. அது கடை வாசல்ல தெரியணும், சிக்னல்ல தெரியக் கூடாது. காத்து எவ்வளவுன்னு செயின் கவர் ஸ்டிக்கர்ல இருக்கும், பின்னாடி ஆள் ஏறினா பின் டயருக்கு வேற அளவு. புது டயரோட மேல்பரப்பு வழவழப்பா இருக்கும். முதல் 100-150 கிலோமீட்டர் திடீர் பிரேக், படுத்துத் திருப்புறது ரெண்டும் வேண்டாம். அன்னிக்கு மழை பெய்தா பின்னாடி யாரையும் ஏத்தாம வீட்டுக்கு மெதுவா போங்க. பின்னாடி ஒருபக்கமா உட்கார்ந்து வர்ற உங்க அம்மாவோ மனைவியோ அந்த டயரைத் தேர்ந்தெடுக்கல.