நகரத்துக்கு அடியில்

பயங்கரக் கதைகளை இரவில்தான் படிக்க வேண்டும் என்பது நமது வெகுநாளைய சித்தாந்தம். 'ரெலிக்வரி' என்னும் அமெரிக்க நாவலைத் தொடங்கிய இரண்டாம் நாளே அந்தச் சித்தாந்தத்தைக் கைவிட்டுப் பகலில் படிக்கலானோம். எழுந்து சென்று விளக்கை அணைக்கும் தைரியம் நமக்கு இல்லாமற் போனதே காரணம்!

டக்ளஸ் பிரெஸ்டன், லிங்கன் சைல்டு என்னும் இருவர் சேர்ந்து எழுதி 1997-ல் பிரசுரமான நாவல் இது. 1995-ல் வந்த அவர்களுடைய 'ரெலிக்' என்ற கதையின் தொடர்ச்சி. முதற் கதையில் நியூயார்க் நகரத்துப் பொருட்காட்சிச் சாலை ஒன்றில் கோர மிருகம் பதுங்கியிருந்தது. வெற்றி பெற்ற கதைக்கு இரண்டாம் பாகம் எழுதுவது சுலபமன்று. ஒரு முறை பார்த்துவிட்ட பூதத்துக்கு யார் மறுபடியும் பயப்படுவார்கள்? ஆகவே ஆசிரியர்கள் பூதத்தைக் காட்டிலும் இருட்டை அதிகமாக நம்பிக் கதையைப் பூமிக்கு அடியில் இறக்கிவிட்டார்கள்.

அந்த இருட்டு முழுவதும் கற்பனையன்று. நியூயார்க்கில் சுரங்க ரயில் 1904-ல் ஓடத் தொடங்கியது. அன்று திறந்த அழகிய 'சிட்டி ஹால்' நிலையம் 1945-ல் மூடப்பட்டு, இன்றும் கீழே அப்படியே இருக்கிறது. ரிவர்ஸைடு பூங்காவுக்கு அடியிலுள்ள ரயில் சுரங்கத்தில், சரக்கு வண்டிகள் நின்றுபோன பிறகு, வீடற்ற மக்கள் குடியேறி வாழ்ந்தார்கள். 1991-ல் அவ்வழியே மீண்டும் ரயில் ஓடிற்று. அங்கே வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

நாவலில், ஆற்றுச் சேற்றிலிருந்து தலையில்லாத இரண்டு எலும்புக்கூடுகள் அகப்படுகின்றன. ஒன்று செல்வக் குடும்பத்துப் பெண்ணினுடையது. உடனே பத்திரிகைகள் அலறுகின்றன; தாயார் நியாயம் கேட்டுப் பெருங் கூட்டத்தைத் திரட்டுகிறாள். ஆனால் சுரங்கங்களில் வாழும் ஏழைகள் அதற்கு முன்பே ஒருவர்பின் ஒருவராகக் கொலையுண்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வரிச் செய்தியும் இல்லை. அவர்களுடைய தலைவனான மெஃபிஸ்டோ என்பவன் ஒரு நிருபரை அழைத்துச் சொல்லும்போதுதான் சங்கதி மேலே வருகிறது.

அந்தத் தாயின் துயரத்தை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும், ஒரு மரணத்தில் ஊரே நடுங்குவதும், பல மரணங்கள் கணக்கிலேயே ஏறாததும், எந்தப் பூதத்தைக் காட்டிலும் நம்மை அதிகமாக நடுங்கச் செய்தன. மேலே இருப்பவர்களின் அச்சம் தீர்வதற்காகக் கீழே இருப்பவர்களைப் போலீஸார் விரட்டும் கட்டத்தைப் படித்தபோது, யாரைக் கண்டு யார் பயப்பட வேண்டும் என்றே புரியவில்லை.

குறை ஒன்று உண்டு. பின்பாதியில் துப்பாக்கியும் வெள்ளமும் வந்து சேர்ந்ததும், ஆசிரியர்களே அந்த ஏழைகளைச் சற்று மறந்துவிடுகிறார்கள். இதை வாசகர்களாவது மறவாதிருக்கலாம்.

முடிவைச் சொல்லும் பாவத்தை நாம் செய்யப் போவதில்லை. முதற் பாகத்தைப் படித்துவிட்டு இதைத் தொடங்குவது நல்லது. பகலில் தொடங்குவது அதைவிட நல்லது.